கையில் தூண்டில், மரத்தில் காமிரா

மீன் பிடிக்கிறவர்கள் ஒரு ரகம். மீன் பிடிக்கப் போகிறவர்கள் வேறு ரகம். நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகத்தைப் பற்றி.

இவர்களை எளிதில் அடையாளம் காணலாம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து மற்றவர்கள் கறிக்கடைப் பக்கம் நடக்கும்போது, இவர்கள் தலையில் தொப்பி, தோளில் காமிரா, கையில் தூண்டில், இடுப்பில் மீன்கூடை என்று மாப்பிள்ளை ஊர்வலம் போல ஏரிக்குக் கிளம்புவார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். கூடை காலியாக இருக்கும். வாய் காலியாக இருக்காது. "இன்னைக்குக் காத்து சரியில்லை" என்பார்கள். காற்று சரியாக இருந்த நாளில் தண்ணீர் கலங்கியிருக்கும். தண்ணீர் தெளிந்த நாளில் மீனுக்கு மனசு சரியில்லை.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பென்னாகரத்தில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் கஸ்பார் என்பவர் எனக்கு நெருங்கிய பழக்கம். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன தூண்டில், யார் யார் கையோ மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. மண்புழு கோர்க்கிற தூண்டில் இல்லை அது. கோழி இறகில் பொய் ஈ கட்டி, நூலைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசி, ஈ தானாகவே தண்ணீரில் வந்து உட்கார்ந்ததாக மீனை நம்பவைக்க வேண்டும். எங்கள் ஏரிக் கெண்டைகள் நம்பவில்லை. அதில் சிக்கியவை ஒரு கருவேல மரம், என் சட்டைக் காலர், ஒரு தடவை குப்புராஜின் காது.

குப்புராஜ் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். அவனும் நம் ரகம்தான். கல்யாண ஜோடிகளை விறைப்பாக நிற்கவைத்துப் படம் எடுத்து அலுத்துப்போய், காட்டு விலங்குகள் மேல் ஆசை வைத்தவன். அதற்கு அவன் ஒரு வழி செய்தான். ஏரிக்கு விலங்குகள் இறங்கும் தடத்தில் ஒரு மரத்தில் பெட்டிக் காமிராவைக் கட்டி, அதன் விசையிலிருந்து தடத்தின் குறுக்கே நூல் இழுத்துவிடுவான். விலங்கின் கால் நூலில் பட்டால் பல்பு மின்னும், படம் விழும். விலங்கு தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும், நாம் வீட்டில் தூங்கலாம். எங்கள் ரகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேட்டை உண்டா? கிடைத்த படங்கள் ஆட்டுக் கால்கள், காற்றில் ஆடிய ஒரு கிளை, கடமான் என்று நாங்கள் முடிவு செய்த ஒரு முயல் காது.

எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில், ஒரு நாள் குப்புராஜ் ஈரப் படத்தோடு பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்தான்.

"மாஸ்டரு, புலிங்க."

பார்த்தேன். நீண்ட உடம்பு, நுனி வளைந்த வால், விலா முழுக்கப் புள்ளிகள். தலை படத்துக்கு வெளியே போயிருந்தது. எனக்குத் தலை தேவைப்படவில்லை. சிறுத்தைதான் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் சிறுத்தையும் புலிதான். டிராயிங் மாஸ்டர் சொன்னால் யார் மறுப்பது?

குப்புராஜ் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ கண்ணாடிக்குள் மாட்டினான். கூட்டம் கூடியது. பஸ் கண்டக்டர்கள் சேதியைப் பாப்பாரப்பட்டி வரை கொண்டுபோனார்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்து, அது வாலைச் சுழற்றிக்கொண்டு நடக்கும் விதத்தை விளக்கினேன். நடந்ததை நான் பார்க்கவில்லை. அதனால் என்ன?

மறுநாளிலிருந்து ஏரித் தடத்தில் ஆள் நடமாட்டம் நின்றது. தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயில் ஆடு மேய்த்த மாதம்மாள், ஆடுகளைப் பட்டியிலேயே கட்டிவைத்து, தழை ஒடித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டாள். அது போதவில்லை. தாய் ஆடுகளுக்குப் பால் வற்றியது. கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் டீக்கடையில் எனக்கென்று பெஞ்சை ஒழித்துக் கொடுக்கிறார்களே.

அந்த ஞாயிறு நான் மட்டும் ஏரிக்குப் போனேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் போகாவிட்டால் மரியாதை என்னாவது? ஈயை வீசிக்கொண்டிருக்கும்போது தடத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினால், மாதம்மாள் வீட்டு நாய். பக்கவாட்டில் நின்று தண்ணீர் குடித்தது. நீண்ட உடம்பு. நுனி வளைந்த வால். அதே வளைவு. புள்ளிதான் இல்லை.

நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். குப்புராஜ் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினான்.

"நெகட்டிவைக் காயப்போட்டப்ப தண்ணி சொட்டுச் சொட்டா நின்னு காஞ்சிருச்சுங்க மாஸ்டரு. அந்தக் கறைதானுங்க புள்ளி."

"எப்பத் தெரியும்?"

"பெரிசு பண்ணும்போதே."

"ஏம்பா சொல்லல?"

"நீங்க அதுக்குள்ள டீக்கடைக்குப் போயிட்டீங்க."

எங்கள் இருவரோடும் இது அடங்கியிருக்கும். அப்படித்தான் பேசி முடித்தோம். ஆனால் மறுநாள் இன்னாசி, கடலைக்காட்டுக் காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர், அன்று மாலை தடத்தோரப் புளியமரத்தில் உட்காரப் போவதாக அறிவித்துவிட்டார். அவர் என்னத்தைச் சுடுவார் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் எழுந்து நின்று சொன்னேன்.

"அது புலி இல்லீங்க. மாதம்மா வூட்டு நாய்."

இன்னாசி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புலிய வேற யாரும் தொடக்கூடாதுன்னு பாக்கறீங்களா, மாஸ்டரு?"

"நான் எங்கண்ணால பாத்தேனுங்க" என்றார் பக்கத்து பெஞ்சுக்காரர். "வால இப்படிச் சொழட்டிக்கிட்டுப் போச்சு."

அந்தச் சுழற்றலை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வருஷக்கணக்கில் மீன் விஷயமாக நான் சொன்ன பொய்களையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர்கள், ஒரே ஒரு நிஜத்தைச் சொன்னதும் என்னைக் கை கழுவிவிட்டார்கள்.

மாதம்மாள் வீட்டுக்கு நடந்தேன். அவள் தழையைப் பிரித்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குப்புராஜ் முதலில் கொண்டுவந்த படத்தைக் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, நாயைக் கட்டிப்போடச் சொன்னேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க மாஸ்டரு, இத்தன நாளா எம் ஆடுங்க வெறும் வயித்தோட கத்துனது இந்த நாயிக்குப் பயந்துதானுங்களா?"

"ஆமாங்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாயை மூலைக் கம்பத்தில் கட்டினாள். ஆடுகளை அவிழ்த்தாள். கோலை எடுத்துக்கொண்டு, "வாங்க, நீங்க முன்னாடி நடங்க" என்றாள்.

"நான் எதுக்குங்க?"

"புலி இருந்தா மொதல்ல உங்களப் புடிக்கட்டும்."

நடந்தேன். நான் முன்னால், ஆடுகள் நடுவில், மாதம்மாள் பின்னால். வழியில் ஊர் நின்று பார்த்தது. புளியமரத்தில் இன்னாசி துப்பாக்கியைத் தாழ்த்தினார். ஆடுகள் மூச்சுவிடாமல் தண்ணீர் குடித்தன. இருட்டும் முன் ஒன்றுகூடக் குறையாமல் பட்டி திரும்பின. எனக்குக் கால் நடுக்கம் நின்றது வீட்டுக்கு வந்த பிறகுதான். நாய் என்று தெரிந்தும் ஏன் நடுங்கினேன் என்று கேட்காதீர்கள். நான் சொன்ன புலியை நானும் கொஞ்சம் நம்பிவிட்டிருந்தேன்.

மறுநாள் எல்லா மாடும் ஆடும் ஏரிக்கு இறங்கின. ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது: பல்பு வெளிச்சத்துக்கு மிரண்டு புலி ஒகேனக்கல் காட்டுக்கு ஓடிவிட்டது, அந்தப் புலி உலவிய தடத்தில் கஸ்பார் மாஸ்டர் வெறுங்கையோடு முன்னால் நடந்தார். நான் இரண்டொருவரிடம் மறுத்தேன். அடக்கம் என்றார்கள். பிறகு மறுக்கவில்லை.

"நாயப் புலின்னப்பவும் பெரும. நெசத்தச் சொன்னதுக்கும் பெருமயா?" என்று என் மனைவி ராஜமேரி கேட்டாள். சோறு நன்றாக இருக்கிறது என்றேன்.

நீங்கள் தூண்டிலைத் தொட்டதில்லை, மரத்தில் காமிரா கட்டியதில்லை, ஆகவே இது உங்கள் கதை இல்லை என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. நாளைக்கோ மறுநாளோ இதை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள். அப்போது கேட்கிறவர் முகத்தைக் கவனியுங்கள். அவர் கண் கொஞ்சம் விரிந்தால், உங்கள் வாயில் அந்த நாய் கொஞ்சம் வளரும். அந்த இடத்தில் நிறுத்த முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். ஏரிக்கரையில் இன்னும் இடம் இருக்கிறது.