இருபது சுற்றிலும் வராத பெயர்

அன்புள்ள தம்பி லைலுக்கு அண்ணன் ரோலண்ட் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி டோரீனும் மகன் கோல்பியும் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. ஆனாலும் நம் அம்மா வளர்த்த வளர்ப்பு, விசாரிக்கிறேன். போனிலேயே பேசியிருப்பேன். நேற்று வானொலி விளையாட்டு நிகழ்ச்சிக்கு போன் போட்டு, நீ ஆள் தேடிக் கொடுக்கும் பேஸ்பால் குழு இந்த வருடம் எடுத்த பையன்களை ஒவ்வொருவனாகப் பிரித்து மேய்ந்தேன். எட்டாவது பையனோடு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதிலிருந்து போன் டோரீனின் கைப்பையில் இருக்கிறது. தம்பியோடு சண்டை போடுவதென்றால் காகிதத்தில் போடுங்கள், ஒஹாயோ முழுக்கக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

முப்பது வருடம் பால் லாரி ஓட்டியவனுக்கு பேஸ்பால் குழுக்கள் வருடா வருடம் சுற்றுச் சுற்றாகப் புதுப் பையன்களை எடுக்கும் தேர்வைப் பற்றி என்ன தெரியும் என்று நீ சிரிப்பாய். என் நோட்டுப் புத்தகத்தைக் கேள். இருபத்திரண்டு வருடமாக உங்கள் குழு யாரை எடுத்தது, யாரை எடுத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வருடம் காற்றாய் ஓடுகிறான் என்று ஒருவனை எடுத்தீர்கள். மட்டையில் பந்து பட்டால்தானே ஓடுவதற்கு? இப்போது டேட்டனில் டிராக்டர் விற்கிறான். நான் வேண்டவே வேண்டாம் என்று எழுதிய இருவர் பெரிய ஆட்டக்காரர்களாகிவிட்டார்கள், உண்மைதான். அந்தப் பக்கத்தில் காபி கொட்டிவிட்டது.

போகட்டும், ஊரான் பிள்ளைகள். இந்த வருடம் என் பிள்ளை. இடது கையால் மணிக்குத் தொண்ணூற்று மூன்று மைல் வேகத்தில் எறிகிறவனை, மூன்று நாள், இருபது சுற்று, அறுநூற்றுச் சொச்சம் பெயர் வாசித்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசி நாள் பங்குக் கோவில் ஆட்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்திருந்தேன். அறுபது சாஸேஜ். வாழ்த்துகள் கோல்பி என்று எழுதி, குழுவின் பெயருக்கு இடம் விட்ட கேக். அந்த இடத்தை நிரப்ப பேக்கரி பெர்னிஸ் கையில் கிரீம் பிழியும் பையோடு காலையிலிருந்து நிற்கிறாள். பதினான்காம் சுற்றில் போன் அடித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து, டோரீனுக்குப் பல் சுத்தம் செய்யும் நாள் வந்துவிட்டதாம். பதினேழாம் சுற்றில் உங்கள் குழு ஓரிகனிலிருந்து ஓர் இடது கைப் பையனை எடுத்தது. அவன் எறிவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்மேல் போய் விழும் என்று எனக்கே தெரியும். இருபதாம் சுற்றும் முடிந்தது. பெயர் எழுதாமலே வெட்டிவிடலாமா என்று பெர்னிஸ் மெதுவாகக் கேட்டாள். கோல்பி இரண்டு துண்டு தின்றான், லைல். கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா? நான் என் தட்டைத் தொடவே இல்லை.

என் நெஞ்சு கொதிப்பது இதற்குத்தான். மே மாதம் குழுவுக்கு ஆள் பார்க்கும் ஸ்கவுட்டாக நீயே என் வீட்டுக்கு வந்தாய். பையனிடம் தனியாகப் பேசுவது உங்கள் தொழில் வழக்கம் என்றாய். சரி என்று நானும் டோரீனும் எங்கள் சமையலறையை உனக்கு விட்டுக்கொடுத்து ஒரு மணி நேரம் கராஜில் நின்றோம். வெளியே வந்ததும், தட்டில் வைத்த ஆப்பிள் பை பலகாரத்தைக்கூடத் தொடாமல், "நல்ல பையனை வளத்திருக்கீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாய். அப்புறம் போய் உன் குழுவுக்கு என்ன எழுதினாய்? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உனக்கு ஆடவில்லையே! மற்ற குழுக்காரர்களும் உன்னோடு ஒரே மோட்டலில் தங்கி ஒரே கடையில் காபி குடிக்கிறவர்கள்தானே. என் பிள்ளையின் வாழ்க்கையை ஒரு காபி நேரத்தில் முடித்துவிட்டீர்கள்.

உன் மனைவிக்கு என் முழு அன்பு, உனக்குப் பாதி. ஆண்டவர் உங்கள் குழுவைக் காப்பாற்றட்டும்; உங்களால் ஆகாது.

இப்படிக்கு,
அண்ணன் ரோலண்ட்

பின்குறிப்பு: உன் புதிய முகவரியை உறைமேல் எழுதச் சொல்லி கோல்பியிடம் கொடுத்தேன். அவன் கடிதத்தைப் படித்துவிட்டான்.

"சித்தப்பா மேல தப்பு இல்லப்பா. மார்ச்லேர்ந்து முழங்கை வலிக்குது. ரெண்டு விரல் மரத்துப் போகுது. வந்த ஸ்கவுட் எல்லார்கிட்டயும் என்னை எடுக்காதீங்க, காலேஜுக்குப் போறேன்னு நான்தான் சொன்னேன். வலி விஷயம் சித்தப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். உங்ககிட்ட நானே சொல்லிடறேன்னு அவர்கிட்ட சத்தியம் பண்ணினேன். வாய் வரல."

"என்கிட்ட சொல்ல என்னடா?"

"நீங்க கேக்கலையேப்பா. இன்னைக்கு எத்தனை மைல்னுதான் கேப்பீங்க."

கேட்டேன், லைல். மூன்று வருடமாக, தினமும் சாப்பாட்டு மேஜையில், அதை மட்டும்தான் கேட்டேன்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். டோரீன் விடவில்லை, திட்டும் மன்னிப்பும் ஒரே உறையில் போகட்டும் என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் மன்னித்துவிடு. அடுத்த வியாழக்கிழமை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். நாற்பது மைல் தூரம், வண்டியில் நானும் அவனும் மட்டும். அதற்குள் பதில் போடு. அன்றைக்குச் சமையலறையில் அவனிடம் முதலில் என்ன கேட்டாய்?