வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் புறப்பட்ட ராக்கெட்

நேயர்களின் கருத்துதான் எழுத்தாளனுக்கு உரம் என்று யாராவது மேடையில் பேசினால், நான் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். அந்த உரத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மூட்டை மூட்டையாக வாங்கியவன் நான். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் முளைக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் திருப்பாலைக்குடியில் பள்ளி வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் உத்தரகோசமங்கைப் பக்கம். நெல்லும் மிளகாயும் தெரிந்த குடும்பம், கடல் தெரியாது. அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததால் எனக்கு அறிவியல் தெரியும் என்று ஒரு நினைப்பு. (பையன்களும் அப்படித்தான் நம்பினார்கள், பாவம்.)

ஊரில் நல்ல வானொலிப் பெட்டி காசிம் மரைக்காயரின் மளிகைக் கடையில் இருந்தது. அவர் பினாங்கில் வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியவர். நம்முடைய நிலையங்கள் அந்தப் பெட்டியில் பொரிகடலை வறுக்கும். கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலியோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி தெளிவாகக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்ததும் கடை வாசலில் கூட்டம் கூடிவிடும். 'நாலு பேர் நிலவில்' என்ற தொடர் நாடகம் அந்த நேரத்தில்தான் வரும்.

நாலு பேர் ராக்கெட்டில் நிலவுக்குப் போகிறார்கள். ராக்கெட் பழுதாகி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். தலைவர் மாறன், விஞ்ஞானி மனோன்மணி, ஒரு எஞ்சினியர், சமையல்காரர் பொன்னையா. ஊர் உயிரை விட்டது பொன்னையாவுக்காகத்தான். "நிலாவுல உப்பு தீந்துபோச்சுங்கய்யா" என்று அவர் அழுத வாரம், கடைக்குள்ளிருந்து மரைக்காயரின் மனைவி ஆமினா உம்மாவும் அழுதது வெளியே கேட்டது. அவருடைய ஒரே மகன் பினாங்கில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்து வருஷக்கணக்காகியிருந்தது.

இப்படி இருக்கையில் வானொலிக்காரர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். ராக்கெட்டைச் சரிசெய்து நால்வரும் பூமிக்குப் புறப்படும் அத்தியாயத்தை நேயர்களே எழுதி அனுப்பலாம். சிறந்ததை ஒலிபரப்புவோம் என்றார்கள். விட்டேனா நான்?

எங்கள் பள்ளி வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்காக முன்னாடியே விட்டுவிடும். பையன்கள் குளிக்கப் போவார்கள், ஊரே வெள்ளைச் சட்டைக்கு மாறும். எனக்கு மட்டும் காலி வகுப்பறையும் ஓய்வும். அந்த ஓய்வில்தான் எழுதினேன். ராக்கெட் கிளம்புகிற இடம் வந்தபோது, அறிவியல் என்றால் துல்லியம் வேண்டுமே என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. அப்படியே எழுதினேன்: "இன்று வெள்ளிக்கிழமை! நேரம் பதினொன்றே முக்கால்! புறப்படுக!"

என் அத்தியாயம் தேர்வாகிவிட்டது.

அங்கேயே நிறுத்திக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அப்போது எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். சேதுமாணிக்கம் மாமாவின் மகள் கோமதி. காப்பித் தட்டுக்கு மேலே தெரிந்த அந்த முகத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் தூங்கவில்லை. எல்லாம் பேசியாயிற்று, முகூர்த்தத் தேதி குறிப்பது ஒன்றுதான் பாக்கி. மாமா முன்னால் என் புகழ் வானொலியில் முழங்கினால் தேதி இன்னும் சீக்கிரமாக வருமே என்று கணக்குப் போட்டேன். ஒலிபரப்பு அன்றைக்கு என்னைப் பெற்ற அய்யாவையும் மாமாவையும் திருப்பாலைக்குடிக்கு வரச்சொன்னேன். பஸ்ஸில் வந்தார்கள். கடை பெஞ்சில் மரைக்காயர் தன் பக்கத்திலேயே மாமாவுக்கு இடம் கொடுத்தார். எனக்கும் அன்று பெஞ்சில் இடம் கிடைத்தது. (அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.)

நாடகம் ஆரம்பித்தது. என் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். "மாப்பிள்ளை பேரு கடல் தாண்டி வருதே" என்று அய்யாவிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்னும் பத்து நாடகம் எழுதத் தயாராக இருந்தேன். பொன்னையா நிலவு மண்ணைக் கொஞ்சம் முடிந்துகொண்டு, "ஊருக்குப் போயி எம் பொஞ்சாதிக்குக் காட்டணும்" என்றபோது உள்ளே ஆமினா உம்மா மூக்கைச் சிந்தினார். நான் மிதந்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. கணீரென்ற குரலில் மாறன் சொன்னார்: "இன்று வெள்ளிக்கிழமை! நேரம் பதினொன்றே முக்கால்! புறப்படுக!" படபடவென்று இரைச்சல். இசை. 'அடுத்த வாரம் தொடரும்.'

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். மரைக்காயர் எழுந்து பெட்டியை அணைத்தார்.

"வாத்தியாரே," என்றார் மெதுவாக. "வெள்ளிக்கிழமையா போறாக?"

"ஆமாங்க."

"ஜும்மா நேரத்துலயா?"

நான் பதில் சொல்வதற்குள் முகைதீன் எழுந்துவிட்டார். அவர் சொந்தமாக வத்தைப் படகு வைத்து மீன்பிடிப்பவர், ஊரில் அவர் குரல்தான் பெரிய குரல். "ஏன் வாத்தியாரே, இந்த ஊருல இம்புட்டு நாளா இருக்கீக. வெள்ளிக்கிழமை ஒரு வத்தை கடல்ல எறங்கிப் பாத்திருக்கீகளா? கரையில நிக்கிற கடலுக்கே போக மாட்டோம். நீங்க அம்புட்டு உசரத்துலேருந்து நாலு பேரைத் தள்ளி விட்டுட்டீகளே!"

"அதில்லை முகைதீன், இது அறிவியல்..." என்று ஆரம்பித்தேன். ஆறுதலுக்காக மாமா பக்கம் திரும்பினேன். மாமா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலமில்ல?" என்றார் மாமா.

"அதான் சொல்லுறேன்!" என்றார் மரைக்காயர். ராகு காலத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் சொன்னார்.

"நிலாவுக்கு ராகு காலம் கிடையாது மாமா," என்றேன். "அங்க கிழமையே கிடையாது."

"கிழமையே இல்லாத எடத்துக்கு நீங்க எதுக்கு மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைனு எழுதுனீக?"

சுவர்க் கடிகாரத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

"ஏலே, வாயை மூடிட்டு உக்காரு," என்றார் அய்யா.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பார்த்துப் பெருமைப்படுவதா, நாண்டுகொண்டு சாவதா என்று தெரியவில்லை. அன்று காலை வரை ஒருவரையொருவர் பார்த்திராத மரைக்காயரும் மாமாவும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டு என் அத்தியாயத்தை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தார். கிளம்பும்போது யாரும் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லவில்லை என்றார் மரைக்காயர். ஒரு எலுமிச்சம்பழம்கூடச் சக்கரத்துக்கு வைக்கவில்லை என்றார் மாமா. ராக்கெட்டுக்குச் சக்கரம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்து, அய்யாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இரண்டு சமூகமும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை அந்த வட்டாரத்தில் நான் வேறு எங்கும் கண்டதில்லை. நடுவில் கிடந்த பிணம்தான் நான்.

உள்ளேயிருந்து ஆமினா உம்மா கூப்பிட்டார். கதவருகே போய் நின்றேன். "வாத்தியாரே, நீங்கதானே எழுதுனீக. அந்தப் பொன்னையாவை மட்டுமாச்சும் பத்தரமாக் கொண்டாந்து சேத்துருங்க. அவனுக்கும் ஊருல ஆளு காத்துக்கிட்டு இருக்குல்ல" என்றார்.

"அடுத்த வாரம் நான் எழுதலை உம்மா. அவுகதான் எழுதுவாக."

"கிளப்பி விட மட்டும் நீங்களா?" என்றார். குரல் உடைந்திருந்தது. வேடிக்கையில்லை, அந்தம்மாவிடம் அது நாடகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ் ஏறும்போது அய்யா மெதுவாகக் கேட்டார், "அப்ப தேதியை எப்ப வச்சுக்கிருவோம் மச்சான்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "போனவுக நல்லபடியா வந்து சேரட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமை நானும் வாரேன். கேட்டுட்டு அங்கனயே தேதி குறிச்சிருவோம்."

ஆக, என் கல்யாணம் ராக்கெட்டில் ஏறிக்கொண்டது.

அந்த வாரம் நான் பாடம் நடத்தியதாக எனக்கு நினைவில்லை. கரும்பலகையில் நிலவை வரைந்துவிட்டு அதையே வெறித்துக்கொண்டு நின்றதாகப் பையன்கள் பிற்பாடு சொன்னார்கள். எவனாவது ஒரு எழுத்தாளன் அக்கரையில் உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டால் போதும், கோமதி எனக்கு. அவன் யாரோ எவனோ. காப்பி கிடைக்காத கோபத்தில் ஒரு வரி மாற்றி எழுதிவிட்டால் நான் காலி. தெருவில் போனால் முகைதீன், "என்ன வாத்தியாரே, ஆளுக எங்கன வாராகளாம்?" என்பார். மேற்கே மேகம் கறுத்தால் என்னைத்தான் பார்த்தார்கள். ஆமினா உம்மா தர்காவுக்கு நேர்ந்துகொண்டார். நான் உத்தரகோசமங்கைச் சாமிக்கு நேர்ந்துகொண்டேன். அறிவியல் வாத்தியார், ஒரு ரேடியோ நாடகத்துக்காக!

ஞாயிறு வந்தது. மாமா சொன்னபடி வந்தார். பஞ்சாங்கமும் மடியில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஊரில் நடக்க முடிந்த ஆண்கள் எல்லாரும் கடை வாசலில். பெண்கள் பக்கத்து வீடுகளின் கதவுக்குப் பின்னால்.

ராக்கெட் வந்துகொண்டே இருந்தது. பூமி தெரிகிறது என்றார் மாறன். மனோன்மணி சிரித்தார். "கடல் தெரியுதுங்கய்யா!" என்று கூவினார் பொன்னையா. கூட்டம் ஆரவாரித்தது. மாமாவின் கை மடிக்குப் போனது. பஞ்சாங்கம் பாதி வெளியே வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டமார் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கொஞ்சநேரம் கழித்து ஒரு குரல், எரிகல் மோதியது, தொடர்பு அறுந்தது, நால்வரும் வானில் கலந்தனர், 'இத்துடன் நமது தொடர் நிறைவு பெறுகிறது' என்றது. அடுத்து ஒரு மருந்து விளம்பரம் வந்தது. எதற்காக அப்படி அவசரமாக முடித்தார்களோ, அந்த மகராசன்களுக்கே வெளிச்சம்.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்," என்று இறந்தவர்களுக்காகச் சொல்வதைச் சொன்னார் மரைக்காயர். உள்ளே ஆமினா உம்மாவின் அழுகை கேட்டது. முகைதீன் தலைத் துணியை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

மாமா பஞ்சாங்கத்தை மடியில் திரும்பச் செருகினார். எழுந்தார். என் தோளில் கை வைத்தார்.

"வாரேன் தம்பி," என்றார்.

மாப்பிள்ளை, தம்பியாகிவிட்டான். அதற்கு மேல் யாரும் எனக்கு எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கோமதிக்குத் தை மாதமே கல்யாணம் நடந்தது, பரமக்குடியில் ஒரு அரிசி ஆலைக்காரருக்கு. நேரம் பார்த்துத்தான் நடந்திருக்கும்.

எனக்கு 'ராக்கெட் வாத்தியார்' என்ற பெயர் நிலைத்தது. நாலு பேரைக் கொன்றவன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நான் பஸ்ஸில் ஏறினால் இறங்கிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். சில வருஷம் கழித்து அமெரிக்காக்காரன் நிஜமாகவே நிலவுக்குப் போய்த் திரும்பினான். பேப்பரில் படித்துவிட்டுச் சேதுமாணிக்கம் மாமா சந்தையில் அய்யாவைத் தேடிப்பிடித்துச் சொன்னாராம்: "பாத்தீகளா? புதன்கிழமை பாத்துல்ல கிளம்பியிருக்கான்! போனவன் வந்துட்டான்."

தாமதமாக எனக்கும் கல்யாணம் ஆனது. பெண் மானாமதுரைப் பக்கம். அவர்கள் வீட்டில் வானொலி கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சம்மதித்தேன். மனைவியிடம் இந்தக் கதையை மூச்சு விடவில்லை. பிள்ளை குட்டிகளோடு ஒருநாள் ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எதிரே பட்டுச் சேலையில் ஒரு அம்மாள் என்னையே பார்த்தார். கோமதி. காப்பித் தட்டு இல்லாததால் முழு முகமும் தெரிந்தது.

"நல்லாருக்கீகளா?" என்றார். என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "அந்த நாடகத்தை நானும் பஞ்சாயத்து ரேடியோவுல கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு." பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பினார். "பதினொன்னே முக்காலைப் பன்னெண்டேகாலாப் போட்டிருக்கலாம்ல நீங்க?"

பஸ் போய்விட்டது. எல்லாக் கருத்துகளிலும் எனக்கு வலித்தது அது ஒன்றுதான். நின்ற இடத்திலேயே மனைவி என்னை விசாரிக்க ஆரம்பித்து, வீடு வந்து சேர்வதற்குள் முழுக் கதையையும் கறந்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இப்போதும் குழம்பு நன்றாக இல்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும், பேரன் பேத்திகளை வைத்துக்கொண்டே கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொல்லுவாள்:

"பன்னெண்டேகாலுன்னு போட்டிருந்தா, நானாச்சும் தப்பிச்சிருப்பேன்."