கறுப்புத் திரைக்காரர்

"அண்ணே, பாஸ்வேர்டு மறந்துபோச்சு. பன்னெண்டு மணிக்குள்ள இடமாறுதல் விண்ணப்பம் போடணும்," என்றாள் பக்கத்து மேசை அக்கா. கணவர் ஓர் ஊரிலும் தான் ஓர் ஊரிலுமாக நான்கு வருடம் ஓட்டியவள். இரண்டு முறை கெடுவைத் தவறவிட்டவள்.

"இதென்ன பெரிய விஷயம்? அடிச்சா முடிஞ்சுது," என்றார் எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவர்.

"பட்டியல்ல என் பேரு மேல க்ளிக் பண்ணினாலே மாத்திடலாமாமே?"

"மவுஸா?" கல்லைக் கடித்ததுபோல் ஆகிவிட்டது அவர் முகம். "அது குழந்தைங்க பண்றதும்மா."

கறுப்புத் திரைக்காரர் என்ற இனத்தைச் சேர்ந்தவர் இவர். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். மூன்று சொடுக்கில் முடிகிற வேலையை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒன்றரை வரிக் கட்டளையாக அடித்துத்தான் செய்வார். அடிக்குமுன் விரல்களை நெட்டி முறிப்பார், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார், யாராவது வேடிக்கை பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். பார்த்தால் வேகம் கூடும். யாரும் இல்லையா? தொண்டையைச் செருமியே ஆள் சேர்ப்பார். புதிய கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஓர் எழுத்தும் தெரியாது. அதில் அவருக்கு அப்படியொரு பரவசம்.

"பாத்தியா? ஒண்ணுமே தெரியல பாத்தியா?"

தெரியாததை எப்படிப் பார்ப்பது? தலையாட்டினோம். மணி பதினொன்றே முக்கால்.

நிச்சயமாக மாற்றவா என்று கேட்டது திரை. "இதுக்கு எப்பவும் சந்தேகம்தான்," என்றபடி, படிக்காமலே சம்மதம் தட்டினார்.

'இருநூற்றுப் பன்னிரண்டு கணக்குகள் மாற்றப்பட்டன.'

அக்காவின் பெயரை அடிக்க வேண்டிய இடத்தில் அக்காவின் பிரிவை அடித்திருந்தார். மொத்தப் பிரிவுக்கும் ஒரே கடவுச்சொல். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருத்தி, அவர் காதோடு சொன்ன அக்கா.

அக்கா தன் கணக்குக்குள் போனாள். பதினொன்று ஐம்பத்தாறுக்கு, "விண்ணப்பம் போயிருச்சு, போயிருச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அதே நேரத்தில் தேநீர் முடிந்து இருக்கைக்குத் திரும்பிய எவராலும் கணினியைத் திறக்க முடியவில்லை. மேலாளர் உட்பட. நம்மவர் கலங்குவாரா? 'இது ஒரு பாதுகாப்பு நடவடிக்கை, பதற்றம் வேண்டாம்' என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அருமையான மின்னஞ்சல்தான். திறந்து படிக்கத்தான் ஆளில்லை.

சாயங்காலத்துக்குள் எழுத்தில் விளக்கம் வர வேண்டும் என்று மேலாளர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலை தப்புமா தப்பாதா என்பது அந்தக் காகிதத்தில் இருந்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. கால்குலேட்டர் கையில் இருக்க, நாலு பேர் முன்னால் மனக்கணக்குப் போட்டுக் காட்டியது யார்? வழி கேட்டால் மரியாதை போய்விடும் என்று குடும்பத்தையே முட்டுச்சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போனது யார்? என்னிடம் சொல்ல வேண்டாம். அன்று மூன்று மணிக்கு வெள்ளைத்தாளோடு என் மேசைக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவர் கேட்டதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் உதவும்.

"நீதான் தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் நல்லா எழுதுவியேம்மா. ஒரு விளக்கம் எழுதிக் குடு. தப்புங்கற வார்த்தை மட்டும் ரெண்டுலயும் வராம பாத்துக்க."