கிராமுக்குப் பத்து ரூபாய்

எத்திராஜ் ஒரு பேய்க்கு முப்பத்தேழாயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். வங்கிக் கடன் இல்லை, கந்துவட்டியும் இல்லை, பேய்க் கடன். அதற்கு ரசீதும் இருந்தது. மூன்று கிலோ எழுநூற்று நாற்பது கிராம் பேய், கிராமுக்குப் பத்து ரூபாய் என்று ரோஸ் தாளில் எழுதி, கீழே சூலம் போட்ட ரப்பர் முத்திரை குத்தியிருந்தது. ஜிஎஸ்டி மட்டும் இல்லை. பேய்க்கு இன்னும் வரி போடவில்லை போலிருக்கிறது.

ரசீது கொடுத்த கடை, இல்லை, சன்னிதானம் சேக்காட்டில் இருந்தது. மூடிப்போன லேத் பட்டறையின் தகரக் கொட்டகை. செவ்வாயும் வெள்ளியும் விடிந்ததும் ஷேர் ஆட்டோக்கள் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். திருமுல்லைவாயில், ஆவடி குவார்ட்டர்ஸ், பூந்தமல்லி என்று எல்லா ஊர் ஜனமும் உண்டு. தொழிற்சாலையில் நூலளவு பிசகினாலும் இரும்பைத் திருப்பியனுப்புகிற சூப்பர்வைசர்கூட இங்கே வாசலில் செருப்போடு சேர்த்து மூளையையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். சாதா டோக்கன் நூறு ரூபாய், அவசர டோக்கன் ஐந்நூறு.

சாமியின் பெயர் எடைச்சாமி. அவர் முன்னால் விக்கிரகம் கிடையாது, எலக்ட்ரானிக் தராசு ஒன்றுதான். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்தியிருந்தார்கள். சுவரில் எல்லா மதத்துப் படமும் தொங்கியது. வருகிறவர் பர்ஸில் இருக்கும் நோட்டுக்கு மதம் கிடையாதே. சாமியின் தத்துவம் ரொம்பச் சுலபம். ஒவ்வொருவருக்கும் நட்சத்திரப்படி ஒரு சுத்த எடை உண்டு. அதற்கு மேல் எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனையும் பேய். இந்தக் கணக்குப்படி பார்த்தால் சாமியின் தொப்பையில் ஒரு தெருவே குடியிருக்க வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை.

எத்திராஜ் அங்கே போனது மகள் கார்த்திகாவுக்காக. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்னால் சூடான சேமியாவை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தவள் கையிலிருந்து கரண்டி நழுவியது. வலது கை துணிபோலத் தொங்கியது, வாய் ஒரு பக்கம் கோணியது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் பள்ளியில் பென்சிலுக்காக அழுதாள், மறுபடியும் கை விழுந்தது.

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிட்டு வருது. அழுதாலும் வேகமா ஊதினாலும் ரத்தம் இன்னும் கொறையுது, கை விழுந்துடுது. இப்போ திரும்பி வருது. ஒருநாள் வராமலே போயிடும். அதுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிடணும். தலைத்தோல்ல ஓடுற குழாயை எடுத்து மூளை மேல வெச்சுத் தைப்போம். அதுலேருந்து புதுசா வழி உண்டாகும். நிறைய தண்ணி குடுங்க. அழ விடாதீங்க. காப்பீட்டு அட்டை இருக்கில்ல? பைசா செலவில்ல."

நோயின் பெயரையும் சொன்னார். மோயாமோயா.

பைசா செலவில்லை என்றதுமே எத்திராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காசு வாங்காமல் சொல்கிறவர் பேச்சை எப்படி நம்புவது? மீதிச் சந்தேகத்தைப் பக்கத்து வீட்டு சரசா தீர்த்து வைத்தாள். "மோயாவா? இது இன்னா நோவு பேரு மாதிரியா கீது? பேய் பேரு மாதிரியில்ல கீது! ஜெயப்பிரியா, நீ எடைச்சாமிகிட்ட இட்டுக்கினு போ."

எத்திராஜின் மனைவி ஜெயப்பிரியா அன்றே இட்டுக்கொண்டு போனாள். தராசு இருபத்தொரு கிலோ எண்ணூறு காட்டியது. சுத்த எடை பதினெட்டுக் கிலோ அறுபது கிராம் என்றார் சாமி.

"உங்க வம்சத்துல அகாலமா செத்தது யாரு?"

எத்திராஜ் தலையைச் சொறிந்தான். "பெரியப்பா ஒருத்தர் சாமி. லாரில அடிபட்டு…"

"அதான்! அந்த லாரி வெயிட்டோட வந்து கொழந்த மேல குந்திகினு கீறான்."

கூட்டம் புல்லரித்தது. சென்னையில் லாரியிலோ பஸ்ஸிலோ ஒருவரைக்கூடப் பறிகொடுக்காத வம்சம் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

பேய் முழுதும் இறங்குகிற வரைக்கும் குழந்தை மேல் கத்தி படக்கூடாது. அதுதான் முதல் கட்டளை. அரை வயிற்றுக்குத்தான் சோறு, தண்ணீரும் கொஞ்சமாகத்தான், இல்லாவிட்டால் பேய் கொழுத்துவிடும். டாக்டர் அழ விடாதே என்றார். சாமியோ மிளகாய்ப் புகை போட்டு அழவிட்டார். குழந்தை அழுதது, கை விழுந்தது. "வந்துட்டான்!" என்றார் சாமி. சிஷ்யன் முனியன் ஒரு கையால் தவிலைத் தட்டினான், இன்னொரு கை இடுப்புப் பைக்குள் இருந்தது. பத்து நிமிஷத்தில் கை மேலே வந்தது. "எறங்கிட்டான்!" தராசில் ஏற்றினால் கால் கிலோ குறைந்திருந்தது. அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

இப்படி ஐந்து தடவை. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பேய் இறங்கியது, இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இன்னும் பாக்கி. அதற்குள் ஆபரேஷனுக்குக் கொடுத்த நாள் இரண்டு தவறிப்போயின. போன ஞாயிற்றுக்கிழமை கை திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. "அம்மா" என்ற சொல்கூடக் கார்த்திகாவின் வாயில் வரவில்லை. மூன்றாவது நாளாக வருகிற வியாழக்கிழமை குறித்திருந்தது. "இதையும் விட்டா நாளைக்கு என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார். எத்திராஜுக்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. பெரியப்பாவுக்குப் பயப்படுவதா, டாக்டருக்குப் பயப்படுவதா?

திங்கட்கிழமை அவன் வேலை செய்கிற இடத்தில் முன்பணம் கேட்டான். ஜுலைகாவின் பழைய இரும்புக் கடை அது. புருஷன் போன பிறகு அவள்தான் நடத்துகிறாள். எத்திராஜ் அங்கே லோடு ஏற்றுகிறவன்.

"இன்னாத்துக்கு நைனா ரெண்டாயிரத்து ஐந்நூறு?"

அவன் ரசீதைக் காட்டினான். ஜுலைகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"நான் இரும்பை கிலோ முப்பதுக்கு வாங்கறேன். பேய் கிலோ பத்தாயிரமா? தெரியாம இந்தத் தொழிலுக்கு வந்துட்டேனே!"

"கிண்டல் பண்ணாதக்கா. தராசுல நம்பர் கொறையறத என் கண்ணால பாத்தேன்."

"தராசு யாருது?"

"சாமியோடதுதான்."

"அதுல கவர்மெண்டு முத்திரை கீதா?"

எத்திராஜ் யோசித்துச் சொன்னான். "குங்குமம் கீது."

ஜுலைகா ரசீதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

மறுநாள் கொட்டகையில், மனைவியோடும் மகளோடும் வந்த எத்திராஜுக்கு நாற்பத்திரண்டாம் டோக்கன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் நாற்பத்தோராம் டோக்கனாக ஜுலைகா நிற்கிறாள். தோளில் சால்வையால் மூடிய குழந்தை. அவள் மகள் அஃப்ஷீனின் குழந்தையாக இருக்கும், பாவம், அதற்கு என்ன வந்ததோ என்று நினைத்தான். ஊரெல்லாம் வாய் பேசுகிறவள் கடைசியில் இங்கேதான் வந்தாள் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வந்தது.

"ராவெல்லாம் சொரம் சாமி, இப்பத்தான் கண்ணு அசந்துச்சு. சால்வைய எடுக்க வாணாம்" என்று ஜுலைகாவே தராசில் மெதுவாக வைத்தாள். பன்னிரண்டு கிலோ முந்நூறு.

சாமி கண்ணை மூடினார். "சுத்த எடை ஒம்பதரை. பேய் ரெண்டு கிலோ எண்ணூறு. இது அப்பன் வழி அத்தை. கெணத்துல உழுந்து செத்தவ."

"ஐயோ, ஆமா சாமி!"

புகை போட்டார்கள். முனியன் தவில் தட்டினான். சால்வைக்குள்ளிருந்து சத்தமே இல்லை.

"அழவே இல்லியே சாமி?"

"அது ஊமைப் பேய்மா" என்றார் சாமி. தராசு பன்னிரண்டு கிலோ ஐம்பது கிராம் காட்டியது. "பாத்தியா! கால் கிலோ போச்சு!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஜுலைகா சால்வையை உருவினாள். தராசு மேல் கறுப்பாக ஒரு இரும்பு எடைக்கல் உட்கார்ந்திருந்தது.

"இது என் கடை எடைக்கல்லு. பத்து கிலோ. ஆபீசர் வந்து குத்தின முத்திரை கீது, எல்லாம் கிட்ட வந்து பாருங்க. இதுக்கு அப்பன் யாரு, அத்தை யாரு சாமி? எந்தக் கெணத்துல உழுந்தா?"

சாமி சமாளித்தார். "இரும்புலயும் ஆவி ஏறும்மா…"

பாதிக் கூட்டம் "ஆமா, ஏறும்" என்று தலையாட்டியது. அப்படிப்பட்ட கூட்டம்!

"ஏறட்டும். டேய் முனியா, ரெண்டு கையையும் மேல தூக்கு. ம்… இப்ப பாருங்க நம்பர."

முனியன் பயத்தில் கையைத் தூக்கினான். தராசு பத்துக் கிலோ காட்டியது, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஜுலைகா அவன் இடுப்புப் பையை இழுத்தாள். கார் சாவி மாதிரி ஒரு ரிமோட் கீழே விழுந்தது. அதை அவள் அமுக்க அமுக்க எடைக்கல் கொழுத்தது, இளைத்தது, மறுபடி கொழுத்தது.

"பழைய இரும்பு யாவாரிகிட்டயே ரிமோட் தராசா மாமே? இதே மாதிரி ஒண்ண வெச்சி ஒருத்தன் என்னை ரெண்டு வருசம் ஏமாத்தினான். அவன் காவி கட்டல, அவ்ளோதான் வித்தியாசம்."

அந்த நேரம் பார்த்து மிளகாய்ப் புகை கார்த்திகாவின் தொண்டையில் ஏறியது. இருமினாள், அழுதாள். கை விழுந்தது. "சாமி! வந்துட்டான் சாமி, காப்பாத்துங்க!" என்று ஜெயப்பிரியா அலறினாள். சாமியைக் காணோம். உண்டியலையும் காணோம். பின்பக்கத் தகரம் ஆடிக்கொண்டிருந்தது.

எத்திராஜ் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். வேப்பமர நிழலில் மடியில் படுக்கவைத்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டான். "அழாதடா கண்ணு, அப்பா கீறேன்ல." மந்திரம் இல்லை, தவில் இல்லை, ரசீதும் இல்லை. அவன் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு யுகம் போன மாதிரி இருந்தது. சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். அப்புறம் முழுக்கையும் எழுந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

இப்போது பெரியப்பாவை விரட்டியது யார்? எத்திராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டான். பஸ்ஸில் ஒரு தடவை இப்படி ஆனது. அங்கேயும் தானாகத்தான் திரும்பியது. வீட்டிலும் அப்படித்தான். தானாக வந்த கைக்கு இத்தனை நாளும் கிராம் கணக்கில் காசு அழுதிருக்கிறான். ஒருநாள் தானாக வராது என்று சொன்னவரிடம் மட்டும் போகவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெயப்பிரியாவே எழுந்துவிட்டாள். "கெளம்புய்யா. வியாழக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு? இப்பவே போய் ஆஸ்பத்திரில படுத்துக்கலாம்."

கொட்டகை வாசலில் பாதிப் பேர் டோக்கன் காசைக் கேட்டு முனியனை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் நடுவில் ஒரு அம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "பட்டாபிராம் பக்கம் இன்னொருத்தர் கீறாராமே, அவரு நெஜமாமே?"

வியாழக்கிழமை இடது பக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. ஆறு மணி நேரம். எத்திராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றான். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா நான் சொல்லவே வேணாம்" என்றார் டாக்டரம்மா. மூன்று மாதத்தில் மறுபக்கத்துக்கும் செய்ய வேண்டும். ஒரே நாளில் குணம் என்று அவர் சொல்லவில்லை. மாத்திரை உண்டு, பரிசோதனை உண்டு, வருஷக்கணக்கில் வந்து போக வேண்டும் என்றார். உண்மையைச் சொல்கிறவர்கள் இப்படித்தான் சாதாரணமாகப் பேசுகிறார்கள். அதனால்தான் அவர்களுக்குக் கூட்டம் சேர்வதில்லை போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து எத்திராஜுக்கு ஒரு போன் வந்தது. முனியன்.

"அண்ணாத்தே, சாமி இப்ப வேற எடத்துல கீறாரு. புதுத் தராசு. உன் கணக்குல இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம் பாக்கி நிக்குது. பாதி கழிச்சுக்கறாராம். மீதிய கட்டலன்னா பேய் சும்மா உடாதாம்."

எத்திராஜ் சிரித்துவிட்டான். கார்த்திகா பக்கத்தில் உட்கார்ந்து வலது கையால் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து இன்னும் கோணல்தான்.

"பாதி இன்னாத்துக்குடா? முழுசும் கழிச்சுக்கினேன், எழுதிக்க. தள்ளுபடி. அந்தப் பேய்க்கு ஆட்சேபணை இருந்தா ஜுலைகாக்கா கடைக்கு வரச் சொல்லு. அங்க முத்திரை குத்தின தராசு கீது, நிறுத்து கிலோ முப்பதுக்கு எடுத்துக்குவாங்க."

முனியன் போனை வைத்துவிட்டான். பேயும் வரவில்லை, கடனும் ஒழிந்தது. ஆனால் புதுக் கொட்டகையில் இந்த வாரமும் டோக்கன் தீர்ந்துவிட்டதாகக் கேள்வி. வரிசையில் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டால் வழி உண்டாக்க டாக்டர் இருக்கிறார். ரத்தம் நன்றாக ஓடியும் மூளையைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் கிடையாது. அந்த ஆபரேஷனை அவரவரேதான் செய்துகொள்ள வேண்டும், அதுவும் மயக்க மருந்து இல்லாமல்.