சோடியத்துக்குத் தண்ணீர் ஆகாது

குடிநீர்ப் பரிசோதனை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர், முதல் வேலையாகத் தனிம வரிசை அட்டவணையைச் சுவர் முழுக்க மாட்டினார். இரண்டாவது வேலையாக ஊழியர்களை அதன்படி உட்கார வைத்தார். நிர்வாகத்தில் இப்போது இதுதான் நாகரிகமாம். பயிற்சி முகாமில் சொன்னார்களாம்.

எதோடும் வினைபுரியாத மந்த வாயுக்களுக்கு வலது ஓரம், மெத்தை நாற்காலி, பாட்டில் தண்ணீர். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிகள் அங்கே அமர்ந்தார்கள். எந்தக் கோப்பு வந்து மோதினாலும் அசையாதவர்கள் என்பதால் பொருத்தம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உச்சியில் ஹீலியமாக இயக்குநர். மேலே போகப் போகக் கனம் குறையும் என்பது அட்டவணையின் விதி. தலைக்கனம் கணக்கில் சேராது.

தண்ணீரைச் சோதிக்கும் பரிசோதகிக்கு இடது ஓரத்து முதல் தொகுதி கிடைத்தது. சட்டென்று பொங்குகிறவள், ஆகவே சோடியம். அவளுக்கோ வேறு கவலை. தங்கை வீட்டுத் தெருக் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருக்குமோ என்று சந்தேகம். தங்கையின் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பது அந்தத் தண்ணீரில்தான். பதறிப்போய் மாதிரிப் பாட்டிலோடு ஆய்வகத்துக்கு ஓடினாள். காவலாளி மறித்தார்.

"சோடியம் மேடம், நீங்க தண்ணியைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு. தொட்டா வெடிக்குமாமே?"

நேரே இயக்குநரிடம் போனாள்.

"தண்ணியைத் தொடாம எப்படி சார் தண்ணியைச் சோதிக்கிறது?"

"விதின்னா விதிதாம்மா. நியாயமா, சோடியத்தை வைக்கிற மாதிரி உங்களை மண்ணெண்ணெயில போட்டு வைக்கணும். மனிதாபிமானம் பார்த்து விட்டுட்டேன்."

"அப்ப வேற யாரையாவது ஈயம் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. குழந்தை குடிக்குது சார்!"

இயக்குநர் சுவரை நிதானமாகப் பார்த்தார்.

"ஈயம் பதினாலாவது தொகுதி. அதுல நமக்குப் பணியிடமே காலி. அப்புறம் ஈயம் எங்கிருந்து வரும்?"

"தெருவுல நின்னு கத்துவேன்" என்று பொங்கினாள் அவள். சோடியத்தை வேறெப்படி அடக்குவது? மறுநாளே பதவி உயர்வு வந்தது. அதே வரிசையின் வலது ஓரம், ஆர்கான். இடமிருந்து வலமாகப் போகப் போக அணு சுருங்கும் என்று அட்டவணை ஓர் ஓரத்தில் சொல்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

இனித் தன் உத்தரவிலேயே சோதனை நடக்கும் என்ற சந்தோஷத்தில் பேனாவைத் திறந்தாள். மேல் நாற்காலி நியான் அதிகாரி இருமினார்.

"கையெழுத்துப் போட்டா அது வினைம்மா. வினை புரிஞ்சா இன்னிக்கே மறுபடி சோடியம்."

மெத்தை சுகமாக இருந்தது. பேனாவை மூடினாள்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, எங்க தண்ணியைக் குடிக்கலாமா?"

"கோப்பு மேலிடத்துல இருக்கு. குழந்தைக்கு நான் பாட்டில் தண்ணி அனுப்புறேன். தெருவுல மூச்சு விடாதே."

குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் குழந்தையோடு, சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"மேலிடத்துல பார்த்துட்டிருக்காங்களாம்" என்றாள் தங்கை.

"அப்பாடா!" என்று அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.