சாப்பாட்டுக்கு அடித்த சேகண்டி

புதுப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய பாத்திரம் வாங்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, என்னைப் பார்த்துக்கொள்ளலாம். நாலு தலைமுறை கைபட்டுத் தேய்ந்த ஒரு கரண்டியைக் கண்டால் போதும், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிடக்கூடிய புத்தி எனக்கு. (கொடுத்ததில்லை. கழற்ற விடாமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது.)

இந்தப் பைத்தியம் ஏற்காட்டில் பிடித்தது. என் அப்பா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். துரையின் பங்களாவில் எதுவுமே புதிதில்லை. பாட்டன் உட்கார்ந்த நாற்காலியில் பேரன் உட்காருவார். அதைச் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொள்வார். எல்லாவற்றையும்விட என்னை மயக்கியது அந்த வராந்தாவில் தொங்கிய வெண்கலத் தட்டு. சமையல் ஆனதும் பட்லர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து, துணி சுற்றிய கட்டையால் அதில் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் முழுக்க அடங்கும்வரை நிற்பார். பிறகு இன்னொரு தட்டு. துரையும் துரைசானியும் பேசாமல் மேசைக்கு வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது என்றால் அடுத்த மலைக்குக் கேட்கும். மரியாதை என்றால் இதுதான் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் என்னைப் புதுச்சத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கடலைக்காடு, நாலு மாடு, ஓட்டு வீடு. வீட்டில் என் வீட்டுக்காரர், அவருடைய அம்மாவான என் அத்தை, கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார் பாவாயி. மாமனார் இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பித்தளைக்கு அப்படிக் கிராக்கி. நான் சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களோ கண்ணாடி மாதிரி மின்னின. எனக்கு அவற்றைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. மின்னுகிற பாத்திரத்துக்கு என்ன கதை இருக்கிறது?

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பழைய பாத்திரக்காரர் மாட்டு வண்டியில் வருவார். எங்கள் தெருவில் திரும்பும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும். என் புதுத் தவலை போய், மூக்கில் மயில் வைத்த பழைய அரிவாள்மணை வந்தது. என் புது அண்டா போய், பூட்டுக் கெட்டுப்போன வெற்றிலைச் செல்லம் வந்தது. அதன் அறைகளில் கடுகு, சீரகம், வெந்தயம் போட்டு வைத்தேன். பழைய தொட்டில் சங்கிலியில் பூசணிக்காய் தொங்கியது. எதையும் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை, எல்லாவற்றையும் புழங்கினேன். அதில் எனக்குப் பெரிய கர்வம்.

அத்தை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்று நினைக்காதீர்கள். "ஏம்புள்ள, ஒலகத்துல பழசக் குடுத்துப் புதுசு வாங்குவாங்க. நீ என்னடான்னா மாத்திச் செய்யற. நல்லவேள, என்ற பையனக் குடுத்துப்போட்டுக் கெழவன வாங்கிட்டு வராம இருக்கறயே!" என்பார். சொல்லிவிட்டு அந்த அரிவாள்மணையில்தான் வெங்காயம் நறுக்குவார். புதியது இப்படி நறுக்காது என்பது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் வண்டியின் அடியில் வைக்கோலுக்குள் ஒரு வெண்கலத் தட்டைப் பார்த்தேன். கனம், விளிம்பில் கயிறு கோக்க இரண்டு துளை. எனக்கு ஏற்காடே எதிரில் வந்து நின்றது.

"இது என்னங்க?"

"சேகண்டிங்க அம்மிணி. பெரிய பண்ணையத்து ஊட்டுச் சாமானுங்க. பந்திக்குக் கூப்புட அடிப்பாங்களாமா," என்றார் பாத்திரக்காரர், முகத்தில் ஒரு ரோமம் அசையாமல்.

என் புதுப் பித்தளைக் குடம் வண்டி ஏறியது. சேகண்டியை ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். அத்தை அண்ணாந்து பார்த்தார். "கோயல் சாமானாட்ட இருக்குது. ஆரும் தொடாதீங்க," என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆகவே அதை யாரும் அடித்துப் பார்க்கவில்லை. நான் அங்கே வாழவந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. வந்ததிலிருந்து ஊரில் ஒரு சாவும் விழவில்லை. (என் ராசி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.) அதனால் எனக்குத் தெரிய வேண்டிய ஒரு சங்கதி தெரியாமலே போயிற்று.

பாவாயியைப் பார்க்க அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து, இரண்டும் சகுனத்தில் முறிந்திருந்தன. ஒன்று பல்லி சொல்லி. இன்னொன்று அவர்கள் புறப்படும்போது எண்ணெய்க் குடம் எதிரே வந்து. மூன்றாவது இடம் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வருகிறார்கள். பாவாயி என்னை மாட்டுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள்: "நங்கை, அந்த மாப்பளைய நான் தேர்த் திருவிழாவுலயே பாத்திருக்கறன். கூட்டத்துல ஒரு கெழவிக்கு எடம் புடிச்சுக் குடுத்தாங்க. எனக்கு இந்த எடந்தான் வேணும்." எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்பார்கள். இந்தச் சம்பந்தத்தை ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் காட்டுகிறேன் என்று சூளுரைத்தேன். (கேட்டுக்கொண்டிருந்த மாடு தலையை ஆட்டியது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.)

வந்தார்கள். முன்னால் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. தாயில்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவர். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, ஆனால் அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லாமல் ஈ பறக்காது. எங்கள் அத்தையோ விடியலில் எழுந்து ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டு, நெய் உருக்கி, எல்லாம் ஆனபின், "நல்ல காரியத்துல நான் முன்னுக்கு நிக்கப்படாது சாமி," என்று பின்பக்கம் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். முந்தின வாரம்தான் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்.

இலை போட்டாயிற்று. ஆண்கள் புளியமரத்தடியில் கடலை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் உலகத்துக் கடலையை எல்லாம் அன்றைக்கே விற்றுத் தீர்ப்பதுபோல் பேசுகிறார். எழுந்து வருகிற வழியைக் காணோம். ஒப்புட்டு ஆறுகிறது. சம்பந்தி வீட்டாரை மாட்டைக் கூப்பிடுவதுபோலக் கத்தியா கூப்பிடுவது? பெரிய இடத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று காட்டுகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். மத்துக் கட்டையில் துணி சுற்றினேன். ஒரு தட்டுத் தட்டினேன்.

டங்ங்ங்...

சத்தம் முழுக்க அடங்கும்வரை நின்றேன். பட்லர் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். மறுபடி ஒரு தட்டு. அடங்கியது. மறுபடி.

கோயிலில் சேகண்டியைப் படபடவென்று அடிப்பார்கள். இப்படி விட்டு விட்டு, நிறுத்தி நிறுத்தி அடித்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்: இந்த வீட்டில் ஒரு உயிர் போயிற்று. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம், ஊரிலேயே பெரிய புத்திசாலியான எனக்கு மட்டும் தெரியாது.

புளியமரத்தடியில் பேச்சு நின்றது. எதிர்வீட்டில் ஒரு முறம் தரையில் விழும் சத்தம். அடுத்த நிமிஷம் எதிர்வீட்டு ராமாயி தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி ஓடிவந்தாள். இவளுக்கும் எங்கள் அத்தைக்கும் ஒரு கோழி விவகாரத்தில் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வெகுகாலம். ஒருத்தி வாசலில் நின்றால் மற்றவள் கதவைச் சாத்துவாள். அந்த ராமாயி, வந்த வேகத்தில் வாசலில் விழுந்து ராகம் எடுத்தாள்:

"கோழி எவளுதா இருந்தா என்ன,
கொத்துனது ஒரே தானியந்தான...
ஒரு வார்த்த பேசாம
ஓடிட்டயே என்ற பொறப்பே!"

அவள் பின்னாலேயே தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். காய்ச்சல் கண்ட கிழவி, நல்ல காரியத்தன்றைக்கே போய்விட்டாள் என்று எல்லோருக்கும் அவரவர்களே முடிவு. "கஞ்சி ஊத்துன மகராசி" என்றாள் ஒருத்தி. "என்ற பிரசவத்துக்கு விடிய விடிய முழிச்சிருந்தயே" என்றாள் இன்னொருத்தி. இரண்டு ஆட்கள் கொடுவாளோடு வந்து என் வீட்டுக்காரரிடம் பணிவாகக் கேட்டார்கள்: "ஏனுங்க, பாடைக்கு மூங்கலு வெட்டிப்போடலாங்களா?"

நான் கையில் மத்தோடு நின்றேன்.

இதற்குள் சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து அத்தை வந்தார். பார்த்தால் வாசல் நிறைய ஒப்பாரி. யார் என்று கேட்கவே இல்லை. கேட்டுவிட்டு அழுகிற வழக்கம் எங்கள் பெண்களுக்குக் கிடையாது. நேரே போய் ராமாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஆடி ஆடி அழுதார்கள். நடுவில் மூக்கைச் சிந்துகிற இடைவெளியில்தான் அத்தை கேட்டார்: "ஏ ராமாயி, நாம இப்ப ஆருக்கு அழுகறம்?"

"உனக்குத்தான் அழுகறம்," என்று சொல்லிவிட்டு ராமாயி முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்தவள் 'ஐயோ' என்று மல்லாந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியில் மாடு பூட்டுகிற சத்தம் கேட்டது. சம்பந்தி வீட்டு ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்கள். "சாவு மணி அடிச்ச ஊட்டுல எப்பிடிங்க கை நனைக்கறது?" என்றார் ஒருவர். கதவு இடுக்கில் பாவாயி தெரிந்தாள். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் பூமி வெடித்திருந்தால் நான்தான் முதலில் குதித்திருப்பேன்.

பெரியம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. விரலால் ராமாயியைக் கூப்பிட்டார்.

"நீ இந்த ஊட்டுக்கு என்ன ஒறமொறை?"

"ஒறமொறை இல்லீங்க. எதுத்த ஊடு. பேச்சுக்கூட இல்லீங்க."

"பேச்சில்லாமயா இப்பிடி அழுத?"

ராமாயிக்கு வெட்கமாகிவிட்டது. "பேச்சில்லீனா என்னங்க? அவ இருக்கறானு இருந்தனுங்க," என்றாள்.

பெரியம்மா தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "பொண்ணு எடுக்கறதுக்கு முன்ன ஊருக்குள்ள விசாரிக்கச் சொல்லி உங்கள நான் அனுப்புனனா இல்லையா? போயி என்ன கேட்டுட்டு வந்தீங்க? எத்தன ஏக்கரா, எத்தன மாடுன்னு கேட்டுட்டு வந்தீங்க. இப்ப இந்த ஊரே வந்து சொல்லீட்டுப் போகுது. இதுக்கு மேல என்னத்த விசாரிக்கறது? மாட்ட அவுத்துக் கட்டுங்கடா. எனக்குப் பசிக்குது."

"சகுனம்..." என்று ஒருவர் இழுத்தார்.

"செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு உனக்குத் தெரியாதா? போ அக்கட்டால."

அத்தை அதற்குள் கொட்டகைக்கு நழுவப் பார்த்தார். பெரியம்மா விடவில்லை. "எங்க போறீங்க? வெத்தலத் தட்ட உங்க கையால குடுங்க. நானும் தாலி இல்லாதவதான். நான் முன்னால வல்லியா? வாங்க இக்கட்ட." அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தார். மாமனார் போனபின் அவர் நல்ல காரியத்தில் முன்னால் வந்து நின்றது அன்றைக்குத்தான். அதைப் பார்த்து நான் அழுதேன். அதற்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்களோ என்று பயந்து உடனே நிறுத்திக்கொண்டேன்.

கொடுவாளோடு வந்தவர்கள் உட்பட எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒப்புட்டு போதவில்லை. சாயங்காலம் அத்தை சேகண்டியை இறக்கினார். ஊரைவிட்டே வீசிவிடுவார் என்று நினைத்தேன். கழுவி எடுத்துப் போய்ப் பழைய சோற்றுப் பானைமேல் வைத்தார். "மூடியா இருந்து பொழச்சுப் போகட்டும். நல்ல கனம், பூனை தள்ளாது," என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு தாமதமானால், "மணி அடிக்கட்டுங்களா?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. பாவாயி கட்டிக்கொண்டு போன வீட்டிலும் இதே கதைதான். ராமாயியும் அத்தையும் அப்புறம் ஒரே தட்டில் தின்னாத நாள் குறைவு.

பல வருஷம் கழித்து அத்தை நிஜமாகவே போனார். ஊர்க்காரர் ஒருவர் வாசலில் நின்று, சேகண்டியை விட்டு விட்டு, முறைப்படி அடித்தார். தெருவே வந்தது. ராமாயி மட்டும் வரவில்லை. பாவாயி அழுதுகொண்டே கூப்பிடப் போனாள். அவள் தன் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாளாம், தலையை நிமிர்த்தாமல்.

"போ சாமி. உங்காத்தா மறுக்காவும் என்னைய ஏமாத்தறா. சோத்துக்குத்தான் அடிக்கறாங்க. எனக்குப் பசியில்ல, அப்பறமா வாரேன்னு சொல்லு."

பாவாயி அங்கேயே அவள் மடியில் விழுந்துவிட்டாள். இன்றைக்கும் நாலு பேர் கூடினால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லித்தான் சிரிக்கிறோம். ராமாயி சொன்ன இடம் வரும்போது மட்டும் யாராவது ஒருவர் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார்.