வயர்லெஸ் வைத்த ஸ்விட்ச்

கடலூர் முதுநகரில் பிறந்தவர்களிலேயே, ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்கத் தெரியாமல், கிதார் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்காக ஆயுளில் பாதியைச் செலவழித்தவர் வயர்லெஸ் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்த வேண்டாம். ஒருவரைச் சமாளித்ததே எனக்குப் போதும்.

வயர்லெஸ் என்பது அவர் தொழில். துறைமுகத்துப் படகுகளில் இருக்கும் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பவர். அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி வரும். அதனால் கரையிலேயே கடை போட்டுவிட்டார். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரிடம் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருந்தது. கிதாருக்கென்றே செய்த வால்வு செட். அந்தக் காலத்து ரேடியோக்களில் கண்ணாடிக் குழாய்க்குள் சிவப்பாகக் கம்பி எரியுமே, அந்த வால்வு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் பாண்டிச்சேரியில் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. வாங்கிய நாளிலிருந்து அதன் டோன் சரியில்லை என்று இவருக்கு ஒரு குறை. கண்டென்சரை மாற்றுவார், ஸ்பீக்கரை மாற்றுவார், ஒரு ஒயரை வெட்டுவார், மறுநாள் அதையே ஒட்டுவார். இரண்டு கையும் உள்ளே பட்டு ஷாக் அடித்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாய்ந்து ஆள் காலி என்பதால், இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை பார்ப்பார். அது பழகிப்போய், டீ குடிக்கும்போதும், கல்யாண மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போதும் அந்தக் கை முதுகிலேயே இருக்கும். தெரியாதவர்கள் ரொம்பப் பணிவான மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாசிக்கத் தெரிந்தது, ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டுகிற ஈ மேஜர் என்கிற ஒரே ஒரு கார்ட். அதை ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு என்னைப் பார்த்துத் தீர்ப்பு வரும்.

"நெத்திலி, மச்சான். எல்லாம் முள்ளு."

கண்டென்சரை மாற்றிவிட்டு மறுபடி ஒரு இழுப்பு.

"போச்சு. இப்பக் கருவாடு. ஈரமே இல்ல."

"உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"வஞ்சிரம். நடுத்துண்டு" என்றார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாற்றியவன் காது பொய் சொல்லும் என்பது அவருடைய சித்தாந்தம். கஷ்டப்பட்டு ஒன்றை மாற்றியவனுக்கு அது நன்றாக இருப்பதாகத்தான் கேட்குமாம். அதனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முன்னால் வாசித்தது நல்லதா, பின்னால் வாசித்தது நல்லதா என்று சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் மாட்டினார். மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் மாட்டினார். தபால்காரர் அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் சைக்கிளில் நின்றபடி மிதிப்பார்.

அலுக்காமல் காது கொடுத்தது என் மனைவி செல்வி ஒருத்திதான். எங்கள் வாடகை வீடு அவர் கடைக்குப் பின்புறம். எங்கள் சமையலறை ஜன்னல் அவர் மேஜைக்கு நேராக இருந்தது. அங்கே ஈ மேஜர் கேட்டதும் இங்கே தாளிப்பை நிறுத்திவிட்டுக் குரல் கொடுப்பாள்.

"அண்ணே, மொதல்ல இருந்ததே நல்லா இருந்துச்சு!"

"எது தங்கச்சி, காலையில வெச்சதா?"

"இல்லண்ணே, நான் ரசம் வெக்கும்போது வெச்சீங்களே, அது!"

அவள் அண்ணே என்றதால் நான் அவருக்கு மச்சான் ஆகிப்போனேன். ஆபீஸ் ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போதுகூட, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "இன்னா மச்சான்!" என்று கத்துவார். எனக்கு மானம் போகும். நான் ஒரு தடவையும் அவரைத் திருப்பி அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னங்க, வாங்க, போங்க, அவ்வளவுதான்.

பிறகு செல்வி போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வராது.

ஆறுதல் சொல்ல வந்தவர்களை என்னால் பார்க்கவே முடியவில்லை. எல்லாரும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே குரலில், "சாப்டீங்களா?" என்று கேட்டார்கள். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். என் கூடப்பிறந்த தங்கச்சி வந்து அரைமணி நேரம் தட்டினாள், அவளுக்கும் திறக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு மாற்றலானேன். மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. வார நாட்களில் ஆபீஸ் என்னைப் பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைதான் தாங்கவில்லை. பேப்பரில் காணவில்லை விளம்பரம் முதற்கொண்டு படித்து முடித்து, பாத்திரம் கழுவி, பனியன் துவைத்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் மணி ஒன்பதேகால் ஆகியிருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வெளியே மாடிப்படியில் ஒரே சண்டை. கீழ் வீட்டு அம்மாள், "மீன் வெக்கிறதெல்லாம் இங்க வேணாம், மொதல்ல கீழ எறங்குங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். திறந்து பார்த்தால் வயர்லெஸ் நிற்கிறார். வலது தோளில் மீன் அனுப்புகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. இடது கை முதுகில். கிதார் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறது.

"மீன் இல்லம்மா, ஆம்ப்ளிஃபயரு. வால்வு ஒடைஞ்சிடக் கூடாதுன்னு இதுல வெச்சிக்கினு வரேன்" என்றார். கீழ் வீட்டு அம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டு நம்ப மறுத்துவிட்டார். பஸ்ஸிலும் இதே கதைதானாம். ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு பெண்மணி கிலோ என்ன விலை என்று பி.முட்லூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாராம்.

உள்ளே வந்தவர் சாப்டீங்களா என்று கேட்கவில்லை. முகத்தையும் தொங்கப் போடவில்லை. நேராகப் போய் பிளக் பாயின்ட்டைத் தேடினார்.

"ஒண்ணும் இல்ல மச்சான். முதுநகர்ல ஐஸ் ஃபேக்டரி மோட்டாரு போட்டா வோல்டேஜ் படுத்துடுது. வால்வுக்கு வோல்டேஜ்தான் சோறு. சிதம்பரம் கரண்ட் நல்ல கரண்ட்டாமே. அதான் வந்தேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க."

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் புதிதாக ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார். ஒன்று, இரண்டு என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. ஒன்றில் ஒரு கண்டென்சராம், இரண்டில் வேறு கண்டென்சராம். நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ஈ மேஜர். டொக்கென்று ஸ்விட்ச். மறுபடி ஈ மேஜர்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு" என்றேன், சீக்கிரம் கிளம்பட்டும் என்று. அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். நாலைந்து வாரத்தில் எனக்கே வித்தியாசம் கேட்க ஆரம்பித்துவிட்டது. இரண்டில் ஒரு கதகதப்பு இருந்தது. ஒன்று கொஞ்சம் வறட்டுத்தனம். "இல்லைங்க, ரெண்டுலதான் அடிவயிறு இருக்கு" என்று விளக்கினேன். ஒருநாள் அவர் ஒன்றுதான் உசத்தி என்று சாதிக்க, நான் விடாமல் ஒருமணி நேரம் வாதாடி அவரை மண்ணைக் கவ்வ வைத்தேன். ஆபீஸில் எல்லாரிடமும் அலுத்துக்கொள்வேன்: "பாவம் சார், கல்யாணம் ஆகாத மனுஷன். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. நானும் விரட்டிவிட்டால் எங்கே போவார்?" இப்படிப் பேசிய கையோடு, சனிக்கிழமை சாயங்காலம் கொத்சுக்குப் பிஞ்சுக் கத்திரிக்காய் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு அவர் கிளம்புகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் எனக்கு ஒரு நல்ல புத்தி தோன்றியது. பாவம், அந்த ஸ்விட்ச் லொடலொடவென்று ஆடுகிறதே, சரி செய்து வைத்தால் சந்தோஷப்படுவாரே என்று, திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிற ஒருவரிடம் சனிக்கிழமை கொண்டுபோனேன். அவர் பின்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "யாரு சார் வேல செஞ்சது? அற்புதமா ஈயம் பத்த வெச்சிருக்காரு" என்றார். எனக்கே பெருமையாக இருந்தது.

"ஆனா இந்த ஸ்விட்ச் சும்மா சார்."

"சும்மான்னா?"

"ஒயரே இல்ல. வெறும் ஸ்விட்ச்சு. இப்படிப் போட்டாலும் ஒண்ணுதான், அப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்."

நான் கதகதப்பு, அடிவயிறு என்று பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காது சூடாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு. அவர் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் தெர்மாகோல் பெட்டி. நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது, எந்த டோனைத்தான் இத்தனை நாளாக எழுதினார் பார்ப்போம் என்று பெட்டியிலிருந்த நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் இருந்தது இது.

"தாடி. மத்தியானத்துக்கு வெறும் பன்னு. நாலு வார்த்த பேசுனாரு."

பக்கத்தைத் திருப்பினேன்.

"தாடி எடுத்துட்டாரு. சோறு வடிச்சிருந்தாரு. கொழஞ்சிபோச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

"கொத்சு வெச்சாரு. உப்பு இல்ல. நல்லா இருக்குதுன்னு சொன்னேன்."

"இன்னிக்கு சிரிச்சாரு. ஒரு தடவ."

"ரெண்டுதான் நல்லா இருக்குதுன்னு சண்டைக்கே வந்துட்டாரு. நல்லா இருக்காரு."

டோனைப் பற்றி ஒரு வரி கிடையாது. கண்டென்சர் என்கிற வார்த்தையே கிடையாது.

"இன்னா மீனுங்க அது?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டார். நோட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

"வஞ்சிரம்" என்றேன்.

முதுநகரில் அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நின்றால், உள்ளே கல்யாண வீடு மாதிரி கூட்டம். மூன்று அண்ணன் தம்பிகளின் குடும்பம், ஒரே அடுப்பு, ஒரே இரைச்சல். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத மனுஷன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய அண்ணி மீன் அரிவாள்மனையை நிறுத்திவிட்டு என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

"நீங்கதான் சிதம்பரத்தவுங்களா? ஞாயித்துக்கெழமதான் நாங்க எல்லாம் சேந்து சாப்புடுற நாளு. இவுரு மட்டும் பெட்டியத் தூக்கிக்கினு ஓடிடுவாரு. அந்தப் பக்கம் பொண்ணு கிண்ணு பாத்துட்டாரு போலன்னு நாங்க நெனச்சிக்கினு இருக்கோம்!"

வயர்லெஸ் அப்போதுதான் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார், சிதம்பரம் கிளம்ப. என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஸ்விட்ச்ல ஒயரே இல்லியாமே" என்றேன். கேட்க வந்த நாலு கேள்வியில் அந்த ஒன்றுதான் வாயில் வந்தது.

முதுகுக்குப் பின்னால் இருந்த இடது கை மெதுவாக முன்னால் வந்தது. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"டோன் எப்பவோ முடிஞ்சிபோச்சு மச்சான். தங்கச்சிதான் முடிச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத வாரம், ஜன்னல்லேர்ந்து, 'அண்ணே, இதான். இத்தோட வுட்ருங்க'ன்னுச்சு. அதுக்கப்பறம் அதுல நான் கை வெப்பனா?"

"அப்ப அந்த ஸ்விட்ச் எதுக்கு?"

"சும்மா பாக்க வந்தேன்னா உள்ள வுட்ருப்பீங்களா? கூடப்பொறந்ததுக்கே கதவு தொறக்கல நீங்க."

"கரண்ட்?"

"எங்க வூட்டு கரண்ட் நல்லாத்தான் இருக்குது" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு அவருக்கு வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்து, பிளக்கைச் செருகி, மூலையில் இருந்த கிதாரை எடுத்து, வால்வு சிவக்கிற வரைக்கும் காத்திருந்து, ஈ மேஜரை இழுத்தார். அரிவாள்மனையும் பிள்ளைகளின் கத்தலும் நின்றுவிட்டன. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் முதுகைக் காட்டி உட்கார்ந்து நான் கேட்ட அதே சத்தம். ரசம் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, போதும் என்று செல்வி முடித்து வைத்த சத்தம் அது. முள்ளே இல்லை. நடுத்துண்டு.

சத்தம் அடங்கியது. கை தானாக ஸ்விட்ச்சுக்குப் போய் டொக்கென்று தட்டியது. மறுபடியும் ஈ மேஜர். அவர் என்னைப் பார்க்காமல், பழக்க தோஷத்தில் கேட்டார்.

"ஒண்ணா, ரெண்டா?"

வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னேன்.

"ரெண்டுதான், மச்சான்."